ஒரே வளவுக்குள் நாலு கட்சி: அரசியல் ஏன் இவ்வளவு ஆழமாகப் பிரிக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தேர்தல் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் எழும் கேள்விகள் இவை. கட்சி பார்த்துப் பதில் எழுதவில்லை.

கிரிக்கெட்டில் ஒத்துப்போகாதவர்கள் மறுநாள் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். அரசியலில் மட்டும் ஏன் முகம் பார்க்காமல் போகிறார்கள்?

கிரிக்கெட்டில் உங்கள் அணி தோற்றால் உங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் குறையாது. அரசியலில் குறையலாம். காணி, நீர்ப்பாசனம், மேய்ச்சல் தரை, அரச வேலை, வீதி, பிரதேச செயலக எல்லை என்று எல்லாவற்றையும் பங்குபோடும் கை அதுதான். பங்கு சிறிதாக இருக்கும் இடத்தில், மற்றவனுக்குப் போனதெல்லாம் எனக்கு வராமல் போனது என்றுதான் மனம் கணக்குப் பார்க்கும்.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்போகத்தில் வயலெல்லாம் நெல் நிற்கும்போது மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. மேற்கே சாய்த்துக்கொண்டு போகத்தான் வேண்டும். அந்தத் தரையை வேறு ஆட்கள் உழுதுவிட்டால் பண்ணையாளருக்குப் போக்கிடம் இல்லை. அவர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியது அதனால்தான். இதை இனப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர் மாட்டை மறந்துவிடுகிறார். மாட்டுப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர், நீர்ப்பாசனத்தோடு ஆட்களைக் குடியேற்றிய கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் உருவானதிலிருந்து கிழக்கில் குடியேற்றம் என்ற சொல் சுமந்துவரும் பயத்தை மறந்துவிடுகிறார். தேவையும் பயமும் ஒரே காணியில் நிற்பதால்தான் பேச்சு இவ்வளவு சீக்கிரம் சூடாகிறது.

எனக்கு எந்தக் கட்சியாலும் ஒரு சதம் கிடைத்ததில்லை. ஆனாலும் என் பக்கத்தைக் குறை சொன்னால் கோபம் வருகிறதே?

அது மனித இயல்பு. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பாடசாலைப் பையன்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். திரையில் தெரிந்த புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி மதித்தவர்கள் ஒரு குழு, குறைத்து மதித்தவர்கள் மறு குழு. யார் எந்தக் குழு என்று ஒருவருக்கொருவர் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குப் பணமாக மாறும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். பெரும்பாலானோர் தங்கள் குழுவுக்கே கூடக் கொடுத்தார்கள். ஓவிய விருப்பத்தைச் சொல்லிப் பிரித்த அடுத்த ஆய்வில் பலர், தங்கள் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட எவ்வளவு கூட என்பதையே பார்த்தார்கள்.

“நம்மட பக்கத்துக்கு ரோட்டு வராட்டியும் காரியமில்ல, அவங்களுக்கு வரப்படாது” என்ற பேச்சைச் சந்தியில் கேட்டிருப்பீர்கள். புள்ளியை எண்ணியதற்கே இப்படி என்றால் மொழி, மதம், ஊர், இழப்பு எல்லாம் சேர்ந்த அடையாளத்துக்கு எப்படி இருக்கும்?

இனங்களுக்கு இடையே என்றால் விளங்குகிறது. ஒரே குடும்பத்துக்குள் ஏன்?

இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். ஆகவே அக்கா தங்கைமார் மூவர் ஒரே வளவில் அடுத்தடுத்து இருக்க, அவர்களின் கணவன்மார் மூன்று ஊர்களிலிருந்து வந்திருப்பார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வளர்ந்தவருக்கு யானையும் குளமும் வீதியும் முதல் கவலை. கிழக்கே எழுவான்கரையில் வளர்ந்தவருக்குக் கடல், சந்தை, வேலைவாய்ப்பு. ஒவ்வொருவரும் தன் தாய்வழி ஊரின் அரசியலோடுதான் வருகிறார். சகலன்மார் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து கதைத்தால் மோதாமல் என்ன செய்யும்?

அதன்மேல் குடி (வம்சம்) முறை இருக்கிறது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் தாய்வழிக் குடிகள் உண்டு. கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்கார் என்ற நிர்வாகப் பொறுப்புகள் பல இடங்களில் குடி வழியே வந்தவை. திருவிழா உபயத்தில் (திருவிழாச் செலவை ஏற்கும் உரிமையில்) இரண்டு குடிக்கு இடையே பழைய மனஸ்தாபம் இருந்தால், ஒரு குடி ஒரு வேட்பாளரின் பின்னால் போனதுமே மற்றக் குடி எதிர்ப் பக்கம் போய்விடும். வெளியே கட்சிச் சண்டையாகத் தெரிவது உள்ளே உபயச் சண்டையாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் கட்சியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தமிழருக்குள் இன்னொரு வெட்டும் விழுந்தது. 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் அமைப்பில் கிழக்குத் தளபதி பிரிந்தார். ஏப்ரலில் வெருகலில் ஒரே இயக்கத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டார்கள். அந்தக் கிழமைகளில் பிள்ளையை இழந்த தாய்க்கு இன்றைய கட்சிப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல.

தேர்தல் முறையே பிளவை வளர்க்கிறது என்கிறார்களே, எப்படி?

கணக்கைப் பார்த்தால்தான் விளங்கும். பாராளுமன்றத்துக்கு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து 5 பேர், அம்பாறை என்னும் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து 7 பேர். ஆசனம் பிரிக்கும் முறை இது:

1. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் 5 வீதத்தை எட்டாத கட்சிகள் நீக்கப்படும். முன்பு 12.5 வீதமாக இருந்தது 1988இல் குறைக்கப்பட்டது.
2. கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம்.
3. எஞ்சிய வாக்குகளை எஞ்சிய ஆசனங்களால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் ‘விலை’ வரும். எத்தனை முழு விலை இருக்கிறதோ அத்தனை ஆசனம்.
4. இன்னும் மிஞ்சும் ஆசனங்கள், மீதி வாக்கு கூடியவர்களுக்கு வரிசையாகப் போகும்.

2020இல் திகாமடுல்லவில் நடந்ததை ஆயிரமாக முழுமைப்படுத்திப் பார்ப்போம். பொதுஜன பெரமுன 126, ஐக்கிய மக்கள் சக்தி 102, அகில இலங்கை மக்கள் காங்கிரஸ் 43, தேசிய காங்கிரஸ் 39, அகில இலங்கை தமிழர் மகாசபை 29, தமிழரசுக் கட்சி 25. கூட்டினால் 364. ஆறால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை கிட்டத்தட்ட 61. முழு விலைக்குப் பெரமுனவுக்கு 2, சக்திக்கு 1. போனஸ் பெரமுனவுக்கு. மிஞ்சிய மூன்று ஆசனமும் மீதி வாக்கின் வரிசையில் 43, 41, 39 என்று போய்விட்டன. 29உம் 25உம் வெளியே நின்றன. அந்த இரண்டும் சேர்ந்திருந்தால் 54. மீதி வரிசையில் முதலாவதாக வந்திருக்கும். அம்பாறைத் தமிழருக்கு அந்தப் பாராளுமன்றத்தில் மாவட்டப் பிரதிநிதி இல்லாமல் போனது இப்படித்தான். 2024இல் தமிழரசுக் கட்சி ஓர் ஆசனம் எடுத்தது.

இந்தக் கணக்கு மக்களின் காதுக்கு வரும்போது எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். “மற்றக் கட்சிக்குப் போடுறவன் துரோகி.” சில ஆயிரம் வாக்கில் ஆசனம் போகும் மாவட்டத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் தனிப்பட்ட தெரிவு இனத்துக்குச் செய்த நட்டமாகக் காட்டப்படுகிறது. 2012 கணக்கெடுப்பில் அம்பாறையில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. எல்லோருக்கும் பயப்படக் காரணம் இருக்கிறது.

வாக்கு சிதறுவதைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். அதை வேட்புமனுவுக்கு முன் கட்சித் தலைமைகளிடம் கேட்க வேண்டும். வாக்களிப்புக்கு முதல் நாள் மச்சானின் சட்டையைப் பிடித்துக் கேட்பதில் நியாயம் இல்லை.

ஒரே கட்சி வேட்பாளர்கள் ஏன் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள்?

விருப்பு வாக்கு. ஒரு கட்சிக்கு வாக்களித்தவர் அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். ஆசனம் கட்சிக்கு, ஆள் விருப்பு வாக்குக்கு. எதிர்க் கட்சிக்காரரைவிடத் தன் பட்டியலில் இருப்பவரே நேரடிப் போட்டியாளர். அதனால்தான் ஒரே சின்னத்தின் சுவரொட்டிமேல் அதே சின்னத்தின் சுவரொட்டி ஒட்டப்படுகிறது.

தமிழர், முஸ்லிம் உறவு ‘புட்டும் தேங்காய்ப்பூவும்’ என்பார்கள். பிறகு ஏன் ஒவ்வொரு தேர்தலிலும் பழைய காயம் திறக்கிறது?

காயம் ஆறுவதற்கான வேலை நடக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12ஐ ஒட்டி ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனையில் தமிழரும். செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து தமிழர் கொண்டுபோகப்பட்டார்கள். செப்டம்பர் 9 தமிழ்க் கிராமமான சத்துருக்கொண்டானில் படுகொலை. நாற்பது நாளுக்குள் இத்தனையும். ஒவ்வோர் ஊரும் தன் திகதியில் விளக்கேற்றுகிறது, துஆ ஓதுகிறது. பக்கத்து ஊரின் திகதி அநேகம் பேருக்குத் தெரியாது.

ஒருவர் தன் ஊரின் இழப்பைச் சொல்லும்போது மற்றவர் உடனே “அப்ப எங்களுக்கு நடந்தது?” என்று கேட்டால் இருவரும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் செய்ய வேண்டியது மிகச் சிறியது, ஆனால் மிகக் கடினம்: அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் இழப்பைக் கொண்டுவராதீர்கள். அதற்கும் ஒரு நாள் இருக்கட்டும். மேடையில் இந்தத் திகதிகளை வாக்குக்காகத் தூக்குபவரிடம், அந்தக் குடும்பங்களுக்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

கல்முனையில் ஒரு செயலகத்துக்காக ஏன் இத்தனை காலச் சண்டை?

பெயர்ப்பலகைக்கான சண்டை அல்ல அது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகம் 1989 முதல் இருக்கிறது. முழுச் செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம்கூட நடந்தது. கணக்காளர் யார், நிதி யார் கையால் வருகிறது, அரச காணி எந்தக் கோப்பில் இருக்கிறது, எல்லைக் கோடு எந்த வீதியால் போகிறது என்பவைதான் உள்ளே இருப்பவை. தமிழர் பக்கம் இதைத் தன் அலுவலைத் தானே பார்க்கும் உரிமையாகக் காண்கிறது. முஸ்லிம் பக்கம், நகரமும் சந்தையும் துண்டாடப்படும் என்று பயப்படுகிறது.

இது இனத்தால் மட்டும் வந்ததல்ல என்பதற்குச் சாய்ந்தமருது சாட்சி. ஒரே மதம், ஒரே மொழி. ஆனாலும் கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தனிச் சபை வேண்டும் என்று 2018 உள்ளூராட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழுவை இறக்கி வென்றார்கள். 2020 பெப்ரவரியில் தனி நகர சபைக்கு வர்த்தமானி வந்தது, சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. அதிகாரம் தூரத்தில் இருக்கிறது என்ற உணர்வு எந்தச் சமூகத்துக்குள்ளும் வரும்.

வட்ஸ்அப்பில் வரும் செய்தியை எப்படி நம்புவது, எப்படித் தடுப்பது?

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், குழம்பில் ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. ‘மலடாக்கும் மாத்திரை’ என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. காணொளி நாடெங்கும் ஓடியது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னது: அது மாவுக்கட்டி. உணவில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் இல்லை. ஆனால் பதில் வருமுன் கடை உடைந்துவிட்டது. வதந்தி சில நிமிடத்தில் ஓடும், ஆய்வுக்கூடத்துக்குப் பல நாள் வேண்டும்.

அந்த இடைவெளியில் செய்யக்கூடியவை இவை. செய்தியில் ஊர், திகதி, நேரம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ‘இப்ப கிடைத்த செய்தி’ என்றால் எப்ப? படத்தைக் கூகுள் படத்தேடலில் போடுங்கள், பழைய படம் என்றால் அநேகமாக அகப்படும். இரட்டை அம்புக்குறியுடன் ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்று வந்தால், அனுப்பியவர் எழுதியதல்ல அது. எல்லாவற்றிலும் பலன் தருவது, அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவருக்குத் தொலைபேசி எடுப்பது. மற்றச் சமூகத்து ஊரில் அப்படி நேரே கேட்கக்கூடிய இரண்டு பேரின் இலக்கமாவது ஒவ்வொரு கோயில், பள்ளிவாசல், விளையாட்டுக் கழக நிர்வாகத்திடமும் அமைதியான காலத்திலேயே இருக்க வேண்டும். பதற்றம் வந்தபின் தேடினால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

பொய்யென்று தெரிந்தால் அனுப்பியவரைக் குழுவில் வைத்து அவமானப்படுத்தாதீர்கள். தனியே சொல்லுங்கள். திருத்தத்தை அவரே போட்டால் அதை நம்புபவர்கள் அதிகம்.

கட்சி வேறான அண்ணன், மச்சானுடன் எப்படிக் கதைப்பது?

இருவராக மட்டும் கதையுங்கள். மூன்றாவது ஆள் வந்தாலே பேச்சு மேடையாகிவிடும். சாராயம் குடித்திருக்கும்போதும், தோல்வி அறிவித்த அன்றும் வேண்டாம்.

“ஏன் அவங்களுக்குப் போடுறீங்க?” என்று தொடங்கினால், ஏற்கெனவே மனப்பாடமான பத்துக் காரணம் வரும். ‘எப்படி’ என்று கேளுங்கள். 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. தாங்கள் ஆதரிக்கும் திட்டம் படிப்படியாக எப்படி வேலை செய்யும் என்று விளக்கச் சொன்னபோது, தங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று ஆட்களே உணர்ந்து தணிந்தார்கள். காரணம் மட்டும் சொல்லச் சொன்னவர்களில் அந்தத் தணிவு இல்லை. ஆகவே:

“சரி அண்ணன், காணி அதிகாரம் மாகாணத்துக்கு வந்திட்டுது எண்டு வைப்பம். நம்மட குளத்துக்குக் கீழ இருக்கிற காணிக்கு முதல் கையெழுத்து ஆர் போடுவார்?”

இதே கேள்வியை உங்களிடமும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் எதிராளியின் தோளையும் இறக்கும். பிறகு அவருக்கு நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லி, அதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, “இதுதானே?” என்று கேளுங்கள். “ஓம், அதுதான்” என்று வரும்வரை உங்கள் வாதத்தைத் தொடங்க வேண்டாம். அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டு நெல் விலையைக் கதையுங்கள்.

இங்கே எங்காவது பிளவைத் தாண்டி வேலை நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், 1981 முதல். சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் அந்த வருடம் தண்ணீர் மிகக் குறைவு. வாய்க்காலின் தலைப்பில் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் விவசாயிகள். கடைசிக்குத் தண்ணீர் வந்து சேராது என்பதே வழக்கம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் ஒழுங்கமைப்பாளர்களை அனுப்பின. அவர்கள் பெரிய கூட்டம் போடவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து, இருபது பேரை மட்டும் சேர்த்தார்கள். முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், பிறகு முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே அனுப்பினார்கள். பிரதிநிதியை வாக்கெடுப்பால் அல்லாமல் எல்லோரும் இணங்கித் தெரிவு செய்தார்கள். கட்சி அரசியலை உள்ளே விடவில்லை. தலைப்பு விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் தமிழர் வயலுக்குப் போனது.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 1954இல் முசாஃபர் ஷெரிஃப் செய்த சிறுவர் முகாம் ஆய்வும் இதையே காட்டுகிறது. சண்டையிட்ட இரு குழுக்களைச் சேர்த்துச் சாப்பிட வைத்தபோது சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமின் தண்ணீர் நின்றபோது சேர்ந்து குழாயைத் தேடினார்கள். நல்லிணக்க விருந்துக்குச் செலவழிப்பதைவிட, இரு ஊருக்கும் பொதுவான ஒரு வடிகாலைத் திருத்தச் செலவழிப்பது மேல் என்று உறுதியாகச் சொல்வோம்.

கோயில், பள்ளிவாசல் நிர்வாகம் கட்சியாகப் பிரியாமல் காப்பது எப்படி?

வேட்பாளர் தரும் கூரைத் தகடு, ஒலிபெருக்கி, கதிரை ஆகியவற்றில்தான் அநேகமாகப் பிரிவு தொடங்குகிறது. தேர்தல் அறிவித்ததிலிருந்து முடிவு வரும்வரை எந்த வேட்பாளரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்று பொதுக்கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானம் எடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேர்தல் அறிவித்தபின் இதைக் கொண்டுவந்தால் யாரோ ஒருவருக்கு எதிரானது என்றே பார்ப்பார்கள். மண்டபத்தைக் கூட்டத்துக்குக் கொடுப்பதானால் எல்லோருக்கும் ஒரே வாடகை, இல்லையேல் யாருக்கும் இல்லை. போட்டியிடும் நிர்வாக உறுப்பினர் அந்தக் காலத்துக்குப் பொறுப்பிலிருந்து விலகி நிற்கட்டும்.

“எங்கட ஊருக்கு ஒண்டும் தரல்ல, அவங்களுக்குத்தான் எல்லாம்” என்பது உண்மையா என்று எப்படி அறிவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் கேட்கலாம். உரிய அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ‘ஏன் பாரபட்சம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்த ஆண்டில் இந்தப் பிரதேச செயலகப் பிரிவில், கிராம சேவையாளர் பிரிவு வாரியாக, வீதித் திருத்தத்துக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும்’ என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதன்பின் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. முடிந்தால் இரு ஊராரும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தை எழுதுங்கள். பாரபட்சம் இருந்தால் இருவர் கையிலும் ஒரே கடதாசி இருக்கும். இல்லையென்றால் ஒரு சண்டை குறையும்.

அரசியலே பேசாமல் விட்டால் நிம்மதிதானே?

இல்லை. பேசாத வீட்டிலும் தண்ணீர் முறையை யாரோ தீர்மானிக்கிறார்கள்.

அடிதடி, மிரட்டல் வந்தால்?

உயிருக்கு ஆபத்தென்றால் 119. வேலி, கடன், வாய்த்தர்க்கம் போன்றவற்றுக்கு மத்தியஸ்த சபை. வழமையாக மூவர் விசாரிப்பார்கள். அந்தக் குழுவில் இரு தரப்பும் ஒவ்வொருவரைத் தெரிவு செய்யலாம். சட்டத்தரணி தேவையில்லை. பொலிஸ் முறைப்பாட்டில் சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். கட்சிப் பெயரை முதல் வரியில் சேர்த்தால் விசாரணை அதைச் சுற்றியே போய்விடும்.

தேர்தல் முடிந்து மாதக்கணக்காகியும் பேச்சில்லை. எப்படித் தொடங்குவது?

கலியாணத்துக்கு அழைப்பு வேண்டும், செத்த வீட்டுக்கு வேண்டாம். நோயாளியைப் பார்க்கவும் அழைப்புத் தேவையில்லை. நோன்புக் கஞ்சியும் பொங்கலும் கொடுத்தனுப்பவும் தேவையில்லை. போகும்போது தேர்தலை எடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். அது மறுபடி யார் சரி என்ற கணக்கைத் திறக்கும். பிள்ளையின் படிப்பை விசாரியுங்கள். கடப்படியிலேயே நின்று திரும்ப நேர்ந்தால் அடுத்த கிழமை மறுபடி போங்கள். பொங்கல் கிண்ணத்தை வாங்கிவர மறந்துவிடுங்கள். அதைத் திருப்பித் தர அவர்கள் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும்.